ஷாக் அடிப்பது வோல்ட்டா, ஆம்பியரா? ஒரு சீலிங் ஃபேன் சொல்லும் கணக்கு! - வாரம் ஒரு இயற்பியல்

"அம்மா, ஃபிரிட்ஜைத் தொட்டா லேசா சுர்ருங்குது..."

"ஈரக்கையோட தொட்டிருப்ப. செருப்பைப் போட்டுக்கிட்டுத் தொடு!"

இந்தப் பேச்சு நடக்காத வீடு நம் ஊரில் குறைவு. ஃபிரிட்ஜுக்குப் பதிலாக கிரைண்டர், வாஷிங் மெஷின், அயர்ன் பாக்ஸ் என்று பொருள் மட்டும் மாறும். முன்னால் ஒரு கால்மிதியைப் போட்டுவிட்டு, பிரச்னை தீர்ந்தது என்று நாமும் அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விடுவோம். "அப்படியே ஏதாவது ஆனாலும் எம்.சி.பி இருக்கே... ட்ரிப் ஆகிடும்" என்று ஒரு தைரியம் வேறு.

அந்தத் தைரியம் சரியா? இதற்குப் பதில் சொல்ல பெரிய படிப்பெல்லாம் வேண்டாம் மக்களே. பத்தாம் வகுப்பு அறிவியல் புத்தகத்தில் 'மின்னோட்டவியல்' என்று ஒரு பாடம் வருமே, அதில் இருக்கும் ஒரே ஒரு சூத்திரம் போதும். மார்க்குக்காக மனப்பாடம் செய்து, பரீட்சை முடிந்ததும் மறந்துபோன அதே சூத்திரம்தான். வகுத்தல் கணக்கு தெரிந்தால் போதும், வாங்க!

மொட்டைமாடி டேங்க்கும் மூன்று வார்த்தைகளும்

வோல்ட், ஆம்பியர், ஓம். இந்த மூன்றும் குழப்பமாக இருந்தால், உங்கள் வீட்டு மொட்டைமாடித் தண்ணீர் டேங்க்கை நினைத்துக்கொள்ளுங்கள்.

டேங்க் எவ்வளவு உயரத்தில் இருக்கிறதோ, அந்த அளவுக்குக் குழாயில் தண்ணீர் வேகமாகத் தள்ளப்படும். மின்சாரத்தில் இப்படித் தள்ளும் வேலையைச் செய்வது மின்னழுத்த வேறுபாடு. அதன் அளவுதான் வோல்ட். நம் வீட்டு பிளக் பாயின்ட்டில் இருப்பது 230 வோல்ட். ரிமோட்டில் போடும் சின்ன பேட்டரியில் 1.5 வோல்ட்.

குழாயில் ஒரு விநாடிக்கு எவ்வளவு தண்ணீர் ஓடுகிறது? அதுபோல ஒயரில் ஓடும் மின்னோட்டத்தின் அளவுதான் ஆம்பியர். இதில் ஆயிரத்தில் ஒரு பங்கு, மில்லி ஆம்பியர்.

குழாய் ஒல்லியாக இருந்தாலோ, உள்ளே துரு அடைத்திருந்தாலோ தண்ணீர் குறைவாகத்தானே வரும்? அந்தத் தடைக்குப் பெயர் மின்தடை. அதன் அளவு ஓம்.

இந்த மூன்றுக்கும் உள்ள உறவைக் கண்டுபிடித்தவர் ஜார்ஜ் சைமன் ஓம். ஜெர்மனியில் பள்ளி ஆசிரியராக இருந்தவர். 1827-ல் இதைப் புத்தகமாக வெளியிட்டபோது சொந்த நாட்டில் பெரிய வரவேற்பு இல்லை. 1841-ல் லண்டன் ராயல் சொசைட்டி 'காப்ளி பதக்கம்' கொடுத்த பிறகுதான் அவரது பெருமை பரவலாகத் தெரிந்தது. அவர் சொன்னது இவ்வளவுதான்:

ஆம்பியர் = வோல்ட் ÷ ஓம்

தள்ளும் விசை கூடினால் ஓட்டம் கூடும். தடை கூடினால் ஓட்டம் குறையும். அவ்வளவே!

டேங்க் உதாரணத்தில் ஒரே ஒரு வித்தியாசம் உண்டு. குழாய் உடைந்தால் தண்ணீர் வெளியே கொட்டிவிடும். மின்சாரம் அப்படிக் கொட்டாது. புறப்பட்ட இடத்துக்குத் திரும்பிப் போக முழுமையான பாதை இருந்தால்தான் ஓடும். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

வோல்ட்டா... ஆம்பியரா?

கார் பேட்டரியை எடுத்துக்கொள்வோம். வண்டியை ஸ்டார்ட் செய்யும் நொடியில் அதிலிருந்து நூறு ஆம்பியருக்கும் மேல் பாயும். ஆனால், காய்ந்த கையால் அதன் இரண்டு முனைகளையும் தொட்டால் ஷாக் அடிக்காது. காரணம், அதில் இருப்பது 12 வோல்ட் மட்டுமே. நம் தோலின் தடையைத் தாண்டி ஓட்டத்தைத் தள்ள அந்த அழுத்தம் போதாது. (அதற்காக ஸ்பேனரையோ வளையலையோ இரண்டு முனைகளுக்கும் நடுவே படவிட்டு விடாதீர்கள். உலோகத்துக்குத் தடை மிகக் குறைவு. நொடியில் பழுக்கக் காய்ந்து சுட்டுவிடும்!)

இப்போது நேர் எதிரான உதாரணம். பிளாஸ்டிக் நாற்காலியிலிருந்து எழுந்து இரும்புக் கதவைத் தொட்டதும் 'பட்'டென்று ஒரு சின்ன ஷாக் அடிக்குமே, அதில் வோல்ட் ஆயிரக்கணக்கில் இருக்கும். ஆனாலும் நமக்கு ஒன்றும் ஆவதில்லை. உடம்பில் சேர்ந்திருந்த மின்னூட்டம் ரொம்பவே கொஞ்சம். கண் இமைப்பதற்குள் அது தீர்ந்துவிடுகிறது.

ஆக, உடம்பைப் பாதிப்பது உள்ளே ஓடும் ஆம்பியரும், அது எவ்வளவு நேரம் ஓடுகிறது என்பதும்தான். அந்த ஆம்பியரைத் தள்ளி அனுப்புவது வோல்ட். எவ்வளவு அனுப்பலாம் என்று முடிவு செய்வது ஓம். மூன்றையும் சேர்த்துப் பார்த்தால்தான் கணக்கு சரியாக வரும்.

உங்கள் உடம்பு எத்தனை ஓம்?

நம் உடம்பில் மின்சாரத்துக்குப் பெரிய தடை, தோல்தான். காய்ந்த, தடித்த தோலின் தடை பல்லாயிரம் ஓம்களில் இருக்கும், சில நேரம் ஒரு லட்சம் ஓமைக்கூடத் தொடும். ஆனால், தோல் நனைந்துவிட்டால் கதையே வேறு. வியர்வை, சோப்புத் தண்ணீர், மழை எதுவானாலும் உடம்பின் மொத்தத் தடை சுமார் 1,000 ஓம் அளவுக்கு இறங்கிவிடலாம்.

இப்போது ஓம் வாத்தியாரின் சூத்திரத்தில் போட்டுப் பார்க்கலாம்.

காய்ந்த கை: 230 ÷ 1,00,000 = 0.0023 ஆம்பியர். அதாவது 2.3 மில்லி ஆம்பியர்.

நனைந்த கை: 230 ÷ 1,000 = 0.23 ஆம்பியர். அதாவது 230 மில்லி ஆம்பியர்.

அதே வீடு, அதே பிளக் பாயின்ட், அதே 230 வோல்ட். கை நனைந்ததும் ஓட்டம் 100 மடங்கு! "ஈரக்கையோட சுவிட்சைத் தொடாதே" என்று வீட்டில் திட்டுவதன் முழு இயற்பியலும் இந்த இரண்டு வரிகளில் இருக்கிறது.

230 மில்லி ஆம்பியர் என்பது பெரிய அளவா? வீட்டு மின்சாரத்தைப் பொறுத்தவரை, உடம்பில் 1 மில்லி ஆம்பியர் ஓடினால் லேசாகச் சுர்ரென்று இருக்கும். சுமார் 10 மில்லி ஆம்பியரில் தசைகள் இறுகிக்கொள்ளும். பிடித்த ஒயரை விட வேண்டும் என்று மூளை நினைத்தாலும் விரல்கள் விடாது. 'கரண்ட் பிடிச்சு இழுத்துடுச்சு' என்று சொல்கிறோமே, உண்மையில் இறுகிப் பிடிப்பது நம் கைதான். 30 மில்லி ஆம்பியரைத் தாண்டி ஓட்டம் நீடித்தால் மூச்சுவிடுவது சிரமமாகலாம். 100 மில்லி ஆம்பியரை நெருங்கும்போது இதயம் சீராகத் துடிப்பதை விட்டு வெறுமனே நடுங்கத் தொடங்கலாம். அதன்பின் உயிர் பிழைப்பது நிமிடக் கணக்கு.

இப்போது ஃபேனைப் பாருங்கள்

தலையை நிமிர்த்தி மேலே ஓடும் ஃபேனைப் பாருங்கள். பழைய மாடல் சீலிங் ஃபேன் என்றால் சுமார் 75 வாட். வாட்டை வோல்ட்டால் வகுத்தால் ஆம்பியர் கிடைக்கும். 75 ÷ 230 = 0.33. அதாவது, சுமார் 330 மில்லி ஆம்பியர்.

ஈரக்கையோடு ஷாக் அடித்தால் நம் உடம்பில் ஓடுவது எவ்வளவு என்று பார்த்தோம்? 230 மில்லி ஆம்பியர்.

ஃபேன் ஓடுவதைவிடக் குறைவு!

இங்கேதான் விஷயமே இருக்கிறது. நம் மெயின் பாக்ஸில் இருக்கும் எம்.சி.பி-யில் 6, 10, 16, 32 என்று ஏதாவது எண் அச்சிட்டிருப்பார்கள். அது ஆம்பியர் கணக்கு. 16 என்று போட்டிருந்தால், 16 ஆம்பியர் வரை அது பேசாமல் இருக்கும். ஃபேன் ஓடும்போது எம்.சி.பி ட்ரிப் ஆகிறதா? இல்லையே! அப்படியானால், ஃபேனைவிடக் குறைவாகக் கரண்ட் 'எடுக்கும்' ஒரு மனித உடம்புக்காக அது ஏன் ட்ரிப் ஆகப்போகிறது? அதன் கண்ணுக்கு, ஷாக் அடித்துத் துடிக்கும் மனிதர் இன்னொரு சின்ன ஃபேன் மாதிரிதான். ஒரு 9 வாட் எல்.இ.டி பல்பு எடுக்கும் சுமார் 40 மில்லி ஆம்பியர்கூட நமக்கு ஆபத்தான அளவுதான்.

எம்.சி.பி-யைக் குறை சொல்லவில்லை. அதற்குக் கொடுத்த வேலையே வேறு. ஒயரில் அளவுக்கு மீறி ஓட்டம் பாய்ந்தால் ஒயர் சூடாகி, உறை உருகி, தீப்பிடிக்கும். அதைத் தடுப்பதுதான் எம்.சி.பி-யின் வேலை. பழைய வீடுகளில் இருக்கும் ஃபியூஸுக்கும் அதே வேலைதான். சுருக்கமாகச் சொன்னால், அவை ஒயரைக் காப்பாற்றும். உங்களைக் காப்பாற்ற வேறு ஆள் வேண்டும்.

(ஃபியூஸ் அடிக்கடி போகிறது என்று தடிமனான செம்புக் கம்பியைச் சுற்றிவைப்பவர்கள் கவனிக்க: ஒயரைக் காப்பாற்ற இருந்த ஒரே ஆளையும் வேலையை விட்டு அனுப்புகிறீர்கள்!)

முதல் காவலாளி: மூன்றாவது பின்

உங்களைக் காப்பாற்ற வந்த முதல் ஆள், எர்த். பிளக்கில் மேலே தடிமனாக, மற்ற இரண்டையும்விட நீளமாக இருக்கும் பின்தான் அது. ஏன் நீளம்? பிளக்கைச் செருகும்போது எர்த் முதலில் இணைய வேண்டும், பிடுங்கும்போது கடைசியாகப் பிரிய வேண்டும் என்பதற்காக.

ஃபிரிட்ஜுக்குள் ஒயரின் உறை கிழிந்து, ஃபேஸ் ஒயர் உலோக உடலைத் தொடுகிறது என்று வைத்துக்கொள்வோம். எர்த் இணைப்பு இல்லையென்றால், ஃபிரிட்ஜ் முழுக்க 230 வோல்ட்டோடு காத்திருக்கும். நீங்கள் தொட்டதும் பாதை முழுமையாகிவிடும். எப்படி? நம் பகுதி டிரான்ஸ்ஃபார்மரில் நியூட்ரல், பூமியோடு இணைக்கப்பட்டிருக்கிறது. எனவே ஃபேஸிலிருந்து உங்கள் கை, கால், தரை, மண் வழியாக மின்சாரம் டிரான்ஸ்ஃபார்மருக்கே திரும்பிப் போய்விடும்.

எர்த் நன்றாக இருந்தால்? அந்தப் பாதையின் தடை 1 ஓம் என்று வைத்துக்கொள்வோம். 230 ÷ 1 = 230 ஆம்பியர். இவ்வளவு பெரிய ஓட்டத்தை எம்.சி.பி சும்மா விடாது. உடனே ட்ரிப் ஆகிவிடும். நீங்கள் தொடுவதற்கு முன்பே பிரச்னை தெரிந்துவிடும்.

ஆனால் எர்த் குழி காய்ந்துபோய், கம்பி துருப்பிடித்து, தடை 50 ஓமுக்கு ஏறிவிட்டால்? 230 ÷ 50 = 4.6 ஆம்பியர். 16 ஆம்பியர் எம்.சி.பி இதைக் கண்டுகொள்ளாது. ஃபிரிட்ஜ் உடலில் மின்சாரம் அப்படியே நிற்கும். கோடையில் எர்த் குழியில் தண்ணீர் ஊற்றச் சொல்வது இதனால்தான். ஈர மண்ணின் தடை குறைவு.

த்ரீ பின் பிளக்கின் மேல் பின்னை உடைத்துவிட்டு டூ பின் சாக்கெட்டில் செருகும் வழக்கம் இருந்தால், இன்றோடு விட்டுவிடுங்கள். 'செல்போன் சார்ஜருக்கு மட்டும் இரண்டு பின்தானே இருக்கு?' என்று கேட்கலாம். அதன்மேல் சதுரத்துக்குள் ஒரு சதுரம் வரைந்திருக்கும், பாருங்கள். இரட்டைக் காப்பு உள்ள பொருள் என்பதற்கான அடையாளம் அது. அந்தக் குறி இருக்கும் பொருளுக்கு எர்த் தேவையில்லை. ஃபிரிட்ஜுக்கும் வாஷிங் மெஷினுக்கும் கட்டாயம் தேவை.

இரண்டாவது காவலாளி: வரவு செலவு பார்க்கும் பெட்டி

எர்த் மட்டும் போதாது என்று தெரிந்த பிறகு வந்ததுதான் ஆர்.சி.சி.பி. எலெக்ட்ரீஷியன்கள் 'இ.எல்.சி.பி' என்று பழைய பெயரையும் சொல்வார்கள். இது வேலை செய்யும் விதம் ரொம்ப எளிமை.

மின்சாரம் நடுவழியில் காணாமல் போகாது என்று பார்த்தோம் அல்லவா? ஃபேஸில் 5 ஆம்பியர் போனால், நியூட்ரலில் அதே 5 ஆம்பியர் திரும்பி வர வேண்டும். கடையில் கல்லா கணக்கு பார்ப்பதுபோல, ஆர்.சி.சி.பி இந்த இரண்டையும் ஒப்பிட்டுக்கொண்டே இருக்கிறது. போனது 5 ஆம்பியர், வந்தது 4.97 என்றால், 30 மில்லி ஆம்பியர் வேறு எங்கோ போகிறது என்று அர்த்தம். அது சுவர் வழியாகப் போகலாம், ஒரு குழந்தையின் உடம்பு வழியாகவும் போகலாம். யார், என்ன என்று விசாரிக்காது. ஒரு விநாடியின் சிறு பகுதிக்குள் மொத்த இணைப்பையும் துண்டித்துவிடும்.

வீடுகளுக்கு 30 மில்லி ஆம்பியர் அளவைத் தேர்ந்தெடுத்திருப்பதற்கான காரணம் இப்போது புரிந்திருக்கும். மூச்சும் இதயமும் ஆபத்தில் சிக்குவதற்கு முன்பே துண்டிக்க வேண்டும்.

இதற்கும் இரண்டு எல்லைகள் உண்டு. ஒரு கையில் ஃபேஸ், மறு கையில் நியூட்ரல் என்று இரண்டையும் பிடித்துவிட்டால், போனதும் வந்ததும் சமமாகவே இருக்கும். அப்போது ஆர்.சி.சி.பி ஏமாந்துவிடும். அதேபோல ஓவர்லோடு ஆனால் அது கவனிக்காது. அதற்கு எம்.சி.பி-தான் வேண்டும். இரண்டும் சேர்ந்து இருந்தால்தான் வீட்டுக்குப் பாதுகாப்பு.

இன்னொரு விஷயம். மழை நாளில் ஆர்.சி.சி.பி அடிக்கடி விழுகிறது என்று அதை பைபாஸ் செய்யச் சொல்லாதீர்கள். அது தொல்லை தரவில்லை, எங்கோ ஈரத்தில் கசிவு இருக்கிறது என்று தகவல் சொல்கிறது.

செருப்பு போட்டால் போதாதா?

காய்ந்த ரப்பர் செருப்புக்குத் தடை அதிகம் என்பது உண்மைதான். ஆனால் செருப்போடு ஃபிரிட்ஜைத் தொட்டபடி, மறு கையால் தண்ணீர்க் குழாயையோ ஈரச் சுவரையோ தொட்டால்? பாதை கையிலிருந்து கைக்கு மாறிவிடும். நடுவில் இருப்பது இதயம்! சுர்ரென்று அடிக்கும் ஃபிரிட்ஜுக்கு மருந்து செருப்பு அல்ல. பிளக்கைப் பிடுங்கிவிட்டு எலெக்ட்ரீஷியனை அழைப்பதுதான். இன்று 1 மில்லி ஆம்பியர் அளவில் 'சுர்' என்றது, கை நனைந்த ஒரு நாளில் 100 மடங்காகலாம் என்பதைக் கணக்கு போட்டுப் பார்த்துவிட்டோமே.

காக்காவுக்கு மட்டும் ஏன் அடிக்கவில்லை?

குழந்தைகள் தவறாமல் கேட்கும் கேள்வி. காக்காவின் இரண்டு கால்களும் ஒரே கம்பியில் இருக்கின்றன. இரண்டு கால்களுக்கும் இடையே அழுத்த வேறுபாடு கிட்டத்தட்ட பூஜ்ஜியம். பூஜ்ஜியத்தை எதனால் வகுத்தாலும் பூஜ்ஜியம்தான்! அதே காக்கா சிறகை விரித்து இன்னொரு கம்பியையோ இரும்புக் கம்பத்தையோ தொட்டுவிட்டால் அவ்வளவுதான்.

இதே இயற்பியல்தான் மழைக்காலத்தில் அறுந்து விழுந்த கம்பியிலும் ஒளிந்திருக்கிறது. கம்பி விழுந்த இடத்தில் தரையில் அழுத்தம் அதிகமாகவும், விலக விலகக் குறைவாகவும் இருக்கும். அகலமாக அடியெடுத்து வைத்தால், முன்காலுக்கும் பின்காலுக்கும் இடையே அழுத்த வேறுபாடு வந்துவிடும். கம்பியைத் தொடாமலே ஷாக் அடிக்க இதுதான் காரணம். முன்கால், பின்கால் இடைவெளி அதிகம் என்பதால் மாடுகள் இதில் எளிதில் சிக்கிக்கொள்கின்றன. தெரியாமல் பக்கத்தில் போய்விட்டால் ஓடாதீர்கள். பாதங்களை ஒட்டிவைத்து, தரையிலிருந்து தூக்காமல் தேய்த்தபடி சின்னச் சின்னதாக நகர்ந்து விலகுங்கள். தமிழ்நாட்டில் மின்வாரியத்தின் 'மின்னகம்' எண்ணான 94987 94987-க்குத் தகவல் சொல்லுங்கள்.

இந்த வார வீட்டுப்பாடம்

* மெயின் பாக்ஸைத் திறந்து பாருங்கள். 'டெஸ்ட்' பட்டன் உள்ள ஒரு சாதனம் இருக்கிறதா? இருந்தால் அதுதான் ஆர்.சி.சி.பி. மாதம் ஒருமுறை அந்தப் பட்டனை அழுத்துங்கள். உடனே கரண்ட் போக வேண்டும். போகவில்லை என்றால் அதை மாற்றியாக வேண்டும்.

* அப்படி ஒன்று இல்லவே இல்லை என்றால், 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி பொருத்துவது பற்றி உரிமம் பெற்ற எலெக்ட்ரீஷியனிடம் கேளுங்கள். எர்த் தடை எத்தனை ஓம் என்று அளந்து சொல்லச் சொல்லுங்கள். வாடகை வீடு என்றால் ஹவுஸ் ஓனரிடம் இந்தக் ஃபேன் கணக்கைச் சொல்லிப் பாருங்கள்.

* பக்கெட்டில் போடும் ஹீட்டர் ராடு பயன்படுத்தினால், சுவிட்சை அணைத்து, பிளக்கைப் பிடுங்கிய பிறகுதான் தண்ணீரில் விரல் வைக்க வேண்டும்.

* யாருக்காவது ஷாக் அடித்தால் அவரைத் தொட்டு இழுக்காதீர்கள். உங்கள் உடம்பும் பாதையாகிவிடும். முதலில் மெயினை அணையுங்கள். முடியாவிட்டால், காய்ந்த இடத்தில் நின்றுகொண்டு காய்ந்த மரக்கட்டை அல்லது பிளாஸ்டிக் நாற்காலியால் அவரை விலக்குங்கள். 108-ஐ அழையுங்கள். மூச்சு இல்லையென்றால், பயிற்சி பெற்றவர்கள் உடனே மார்பை அழுத்தும் முதலுதவியைத் தொடங்க வேண்டும்.

வீட்டில் பத்தாம் வகுப்பு படிக்கும் பிள்ளை இருந்தால், ஒரு பேப்பரைக் கொடுத்து வீட்டில் உள்ள ஒவ்வொரு பொருளும் எத்தனை ஆம்பியர் எடுக்கிறது என்று பட்டியல் போடச் சொல்லுங்கள். பொருளின் பின்பக்க ஸ்டிக்கரில் வாட் இருக்கும், 230-ஆல் வகுத்தால் போதும். 2,000 வாட் கீஸரில் தொடங்கி 9 வாட் பல்பு வரை எழுதிவிட்டு, கடைசி வரியில் 'நனைந்த கை: 0.23 ஆம்பியர்' என்று சேர்க்கச் சொல்லுங்கள். அந்தப் பட்டியலை மெயின் பாக்ஸ் கதவிலேயே ஒட்டிவைக்கலாம்.

அடுத்த வாரம்: குக்கருக்குள் பருப்பு மட்டும் ஏன் அவ்வளவு சீக்கிரம் வேகிறது? அழுத்தத்துக்கும் கொதிநிலைக்கும் என்ன சொந்தம்? சமையலறையில் சந்திப்போம் மக்களே!